அரங்கு நிறைந்த காட்சி

‘சூறாவளி சொக்கன்’ படத்தின் இருபத்தொன்றாம் பாகம் மாபெரும் வெற்றி பெற்றிருந்தது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. படம் பார்க்க ஆள் வரவில்லை என்பது மட்டும்தான் குறை.

அந்தக் குறையைப் புகாராக அனுப்பியவர் சகாயமேரி, திருநெல்வேலி ஜங்ஷனில் ஜெபமாலை திரையரங்கை நடத்துபவர். விசாரித்து வர மிருதுளாவை அனுப்பினார்கள். அவள் சென்னையில் திரை அளவைக் கழகத்தில் ஆய்வாளர். சொந்த ஊர்தானே, தங்க அறை போட வேண்டியதில்லை என்று மேலிடம் யோசித்திருக்கும்.

மிருதுளா அரங்குக்குள் நுழைந்தபோது மதியக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் சொக்கன், தன் வீட்டு வாசலில் வந்து நின்ற அடியாட்களைப் பார்த்து, “செருப்பக் கழட்டிட்டு வா” என்றான். முதல் பாகத்திலிருந்து அவன் சொல்லிவரும் வசனம் அது. அடியாட்களும் முதல் பாகத்திலிருந்தே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடிவாங்க வருகிறார்கள். சொக்கனாக நடித்தவர் ஆறாம் பாகத்தோடு ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் கேரட் பயிரிடுகிறார். முகத்தை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒரு காலத்தில் இந்தச் செருப்பு வசனத்துக்குப் பிறகு விசில் அடங்கும்வரை வேறு எதுவும் காதில் விழாது. இப்போது ஏசியின் உறுமல் தெளிவாகக் கேட்டது. அரங்கில் இரண்டே பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், இன்னொருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முழிச்சிருக்கது என் கொழுந்தன்,” என்றார் சகாயமேரி. “தூங்குதவரு வெயிலுக்கு ஒதுங்குனவரு. உங்க கழகம் சொல்லுதபடி பாத்தா இன்னைக்கு ஹவுஸ்ஃபுல்.”

“அப்படித்தாம்மா அளவையில வந்துருக்கு.”

“என்ன எழவு அளவையோ. அதுல ஏழு வாரம்னு வந்தா ஏழு வாரமும் இந்தப் படத்தத்தான் ஓட்டணும்னு ஒப்பந்தம். வேற எதையும் போட முடியாது. ஒரு சின்னப் பையன் நல்லா ஒரு படம் எடுத்து வச்சுக்கிட்டு, ‘ஒரு காட்சி குடுங்க’ன்னு நடையா நடக்கான். எங்க போடதுக்கு? இந்த அளவைய எப்படித்தாம்மா எடுக்கிய? எனக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க.”

வெளியே வந்து, கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, மிருதுளா விளக்கினாள்.

“முன்னாடியெல்லாம் ஆளாளுக்கு வாயில வந்த வசூலச் சொல்லுவாங்க. படத்தத் தூக்குன பொறவும் ‘வெற்றிகரமான நாலாவது வாரம்’னு போஸ்டர் ஒட்டுவாங்க. ரசிகருங்க அத வச்சு மண்டைய உடச்சுக்கிட்டாங்க. அதான் எல்லாரும் சேந்து கழகத்த ஆரம்பிச்சாங்க. டிக்கெட் எடுக்கும்போது போன்ல ‘சம்மதம்’னு ஒரு பொத்தான் வரும்லா?”

“பாக்காமலே அமுக்குவோம்.”

“அமுக்குன ஒவ்வொருத்தருக்கும் எங்ககிட்ட ஒரு பிரதி இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள. சீட்டுக் கைப்பிடியில உள்ள கருவி, அவங்க நாடி எப்ப துடிக்கு, எப்ப புல்லரிக்கு, எந்தப் பாட்டுக்கு எந்திரிச்சு வெளிய போறாங்கன்னு எல்லாத்தையும் அளந்து அனுப்பும். அத வச்சு அவங்கள மாதிரியே ஒரு ஆளைச் செஞ்சு வச்சுருக்கோம். புதுப்படம் வாரதுக்கு முன்னாடி, உங்க தியேட்டர் மாதிரியே உள்ளுக்குள்ள ஒரு தியேட்டரக் கட்டி, இந்த ஊர்ப் பிரதிகளுக்கு அந்தப் படத்தக் காட்டுவோம். வர இஷ்டமில்லாத பிரதி வராது. பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிரும். ஏமாத்த முடியாது. அதுல வாரதுதான் அளவை.”

“அப்பம் படம் பாக்கது எங்க ஊர்க்காரனோட நெழலு,” என்றார் சகாயமேரி.

“அப்படியும் சொல்லலாம்.”

“நெழலு போண்டா வாங்காதும்மா,” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன போண்டாத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். “நீங்க பாத்தியளா இந்தப் படத்த?”

“இல்லம்மா.”

மிருதுளா சொக்கனைப் பார்ப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பன்னிரண்டாம் பாகம்வரை ஒன்று விடாமல் இதே அரங்கில்தான் பார்த்தாள், தம்பி சுடலைராஜோடு. அக்காவுக்கு இணையத்தில் தேடி மிருதுளா என்று பெயர் வைத்த பெற்றோர், தம்பிக்கு வேண்டுதல்படி குலசாமி பெயரை வைத்தார்கள். அந்தக் கோபம் அவனுக்குக் கடைசிவரை இருந்தது. பதின்மூன்றாம் பாகத்துக்கு முதல்நாள் முதல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு, எலிக்காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் சொக்கன் பக்கமே போகவில்லை. படத்தின் வெற்றியை அளப்பதற்குப் படத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

சென்னைக்குத் திரும்பியதும் நிதின் ஆண்டனியின் அறைக்குப் போனாள். பிரதிகளைப் பராமரிப்பவன் அவன். மனிதர்களைவிடப் பிரதிகளோடு அதிகம் பழகியதால், யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்ப்பான். அவள் கேட்டபடி, ஜெபமாலையின் மாதிரி அரங்கைப் பெரிய திரையில் போட்டான். பால்கனியிலிருந்து பார்ப்பது போல அரங்கு முழுவதும் தெரிந்தது. ஒவ்வொரு இருக்கையிலும் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம், அதன் தலைமேல் ஒரு சின்ன வெளிச்சம். பரவசம் கூடக் கூட வெளிச்சமும் கூடும். ஓர் இடம்கூடக் காலியில்லை.

“சுத்தமா இருக்கு மேடம். எந்தத் தில்லுமுல்லும் இல்ல,” என்றான் நிதின். “இதோ பாருங்க, நீங்களே இருக்கீங்க.”

“நானா?”

“உங்க பிரதி. பயங்கரமான சொக்கன் வெறியர் மேடம் நீங்க. ஒரு பாகம் விடல. ஆபீஸ்ல வெளியவே காட்டிக்க மாட்டேங்கறீங்களே.”

“நான் பன்னெண்டாம் பாகத்துக்கு மேல ஒண்ணுகூடப் பாக்கல நிதின்.”

“பிரதி பொய் சொல்லாது மேடம்.”

“பக்கத்துல இருக்கறது யாரு?”

நிதின் அந்த உருவத்தைத் தொட்டான். பெயர் வந்தது. சுடலைராஜ், பாளையங்கோட்டை.

மிருதுளா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சாம்பல் உருவத்துக்கு முகம் கிடையாது. ஆனால் ஒரு காலை மடித்து இருக்கைமேல் வைத்து, முழங்காலில் தாடையை ஊன்றி உட்கார்ந்திருந்தது. வீட்டில் அப்பாவிடம் அதற்காகவே அவன் அடிவாங்கியிருக்கிறான்.

“இவன் செத்துட்டான்,” என்றாள். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை.

நிதின் மணிக்கட்டிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தான். “வாய்ப்பில்லையே மேடம். வருஷா வருஷம் எல்லா வீட்டுக்கும் இயந்திரம் போன் பண்ணி, ஆள் இருக்காரான்னு விசாரிக்கும். இறந்துட்டார்னு சொன்னா அன்னைக்கே பிரதிய அழிச்சிடுவோம். அது சட்டம்.”

“அந்தப் பேச்செல்லாம் பதிவாகி இருக்குமா?”

இருந்தது. நிதின் முதல் வருடத்துப் பதிவைப் போட்டான். ‘வணக்கம். திரு. சுடலைராஜ் இருக்கிறாரா?’ என்று தேன் தடவிய பெண் குரலில் இயந்திரம் கேட்டது. மிருதுளாவின் அம்மா, “தவறிட்டாம்மா,” என்றார்.

இயந்திரம் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, ‘தவறிய அழைப்பு’ என்று குறித்துக்கொண்டது. தவறிய அழைப்பு என்றால் அடுத்த வருடம் மறுபடி முயல வேண்டும் என்பது விதி.

நிதின் தலையில் கைவைத்துக்கொண்டான். பிறகு மாநிலம் முழுக்க உள்ள பதிவுகளைத் தேடிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஒருவரும் தன் வீட்டு ஆளைச் செத்துப்போனார் என்று போனில் சொல்வதில்லை. “அவரு போயிட்டாருங்க” என்று கோயம்புத்தூரில் சொன்னதை இயந்திரம் ‘வெளியூர்’ என்று எழுதியிருந்தது. “சாமிகிட்ட போயிட்டாரு” என்பதை ‘கோயில் யாத்திரை’ என்று எழுதியிருந்தது. “மேல போயி மூணு வருசமாச்சு” என்று மதுரைக்காரர் ஒருவர் சொன்னதற்கு, ‘மாடியில் வசிக்கிறார்’. கும்பகோணத்தில் “காலமாயிட்டார்” என்றவரிடம், ‘பரவாயில்லை, நேரம் கிடைக்கும்போது அழைக்கச் சொல்லுங்கள்’ என்று ஆறுதல் வேறு சொல்லியிருந்தது.

பார்வையாளர்களில் மூன்றில் ஒருவர் உயிரோடு இல்லை.

“யாரும் சொல்ற மாதிரி சொல்லலையே மேடம்,” என்றான் நிதின் பரிதாபமாக. அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அடுத்த நாள் தயாரிப்பாளர் தில்லைநாயகம் நேரிலேயே வந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை. விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருந்தது.

“வோட்டர் லிஸ்ட்ல செத்தவங்க இருக்காங்க, ரேஷன் கார்டுல இருக்காங்க. என் படத்துல மட்டும் இருக்கக் கூடாதாம்மா?” என்றார் உட்காரும்போதே.

“அவங்க டிக்கெட் எடுக்க மாட்டாங்களே சார்.”

“தெரியும்மா. சத்தியமாச் சொல்றேன், எனக்கே இந்தச் சொக்கனக் கண்டா வெறுப்பா இருக்கு. என் பேத்தி என்னோட படம் ஒண்ணையும் பாக்க மாட்டா. மாத்தி எடுக்கலாம்னு பதினேழாம் பாகத்துல சொக்கனச் சாகடிச்சேன். நல்ல டைரக்டர், நல்ல கதை. எடுத்த எனக்கே அழுகை வந்துச்சு. அளவைல ஒரே வாரம். பாதிப் படத்துல எழுந்து போயிட்டாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்த டைரக்டர் இப்ப கல்யாண வீடியோ எடுக்கறான். பதினெட்டுல சொக்கன உயிரோட எழுப்பினேன், பதினாலு வாரம். இப்பத்தான் புரியுது, ஏன்னு. செத்தவனுக்கு ரசனை எப்படிம்மா மாறும்? அவன் கடைசியாப் பாத்த அன்னைக்கு எப்படி இருந்தானோ அப்படியேதான் இருப்பான். அவனுக்குப் பிடிச்ச மாதிரி எடுத்து எடுத்து உயிரோட இருக்கறவனக் கோட்ட விட்டுட்டோம்.”

மிருதுளாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. தில்லைநாயகம் போன பிறகு, அறிக்கையில் எழுதுவதற்காக, இறந்தவர்களின் வெளிச்சத்தை மட்டும் தனியாகக் காட்டச் சொன்னாள். நிதின் மற்றவர்களை மறைத்தான்.

அரங்கு ஏறக்குறைய இருட்டாகிவிட்டது.

“மேடம்,” என்றான் நிதின். “இவங்க யாருமே ரசிக்கல.”

சுடலைராஜின் தலைமேல் இருந்த வெளிச்சம், பூஜை அறையில் எண்ணெய் தீர்ந்த விளக்குப் போல இருந்தது. பின்னோக்கிப் போய் ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார்கள். பதினான்காம் பாகத்திலேயே அவன் கொட்டாவி விட ஆரம்பித்திருந்தான். பதினைந்தில் இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்து, பக்கத்தில் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்திருந்தான். எப்போதும் அப்படித்தான், அக்காவுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தால் பேசாமல் இருந்துவிடுவான்.

“அப்ப யாரு இவ்வளவு பரவசப்படறது?”

நிதின் மற்றவர்களைத் திரும்பக் கொண்டுவந்தான். வெளிச்சமெல்லாம் உயிரோடு இருப்பவர்களின் பிரதிகள்மேல் இருந்தது. அதிலும் இறந்தவர்களுக்குப் பக்கத்து இருக்கைகளில். மிருதுளா தன் பிரதியை அருகில் கொண்டுவரச் சொன்னாள். அது திரையைப் பார்க்கவே இல்லை. உடம்பை முழுக்கத் திருப்பி, தம்பியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பதின்மூன்றாம் பாகத்திலிருந்தே அப்படித்தான். சொக்கன் செத்துப்போகும் பதினேழாம் பாகத்தில் மட்டும், அவன் சாயப்போகும் நேரம் பார்த்துத் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. அன்று பாதி அரங்கு அப்படித்தான் எழுந்து போயிருந்தது, பக்கத்தில் இருந்தவர்களை இழுத்துக்கொண்டு.

மிருதுளாவுக்குத் தன் பிரதிமேல் பொறாமையாக இருந்தது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

அவள் உத்தரவில் கையெழுத்துப் போட்டால் இறந்தவர்களின் பிரதிகள் அத்தனையும் அழியும். அழித்ததை மீட்க முடியாது. போடாவிட்டால் சட்டப்படி குற்றம், சகாயமேரிக்குத் துரோகம், அந்தப் பையனின் படத்துக்கு என்றைக்கும் ஒரு காட்சி கிடைக்காது. எல்லாம் தெரிந்திருந்தும் பேனாவை எடுக்காமல் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிரதி என்பது அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. “அப்பம் அந்தப் புள்ள இனி கூப்புடாதா?” என்றார்.

“எந்தப் புள்ளம்மா?”

“வருசா வருசம் கூப்புடும்லா, அவன் இருக்கானான்னு கேட்டு. கூடப் படிச்ச புள்ளைன்னு நெனச்சேன். போன தடவ, ஊருக்கு வந்தா வீட்டுக்கு வாம்மான்னுகூடச் சொன்னேன். அவனக் கேட்டு இப்பம் வேற யாரு வாரா, சொல்லு.”

“அது மெஷினும்மா.”

“இருந்துட்டுப் போட்டும்.” அம்மா மூக்கை உறிஞ்சினார். “அங்கன நல்லா இருக்கானா அவன்?”

மிருதுளாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லம்மா. பிடிக்காத படத்த உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான். எனக்காக.”

“அப்பம் எந்திரிச்சுப் போவச் சொல்லு,” என்றார் அம்மா. “அவன் என்ன, ஓரிடத்துல ஒழுங்கா உக்காந்திருக்க புள்ளையா.”

மிருதுளா கையெழுத்துப் போட்டாள். நிதின் அன்றைக்கே அழித்தான். எந்தச் சத்தமும் இல்லாமல் அரங்கில் மூன்றில் ஒரு பங்கு இருக்கைகள் காலியாயின. காலை மடக்கி உட்கார்ந்திருந்த உருவம் இருந்த இடத்தில் வெறும் இருக்கை இருந்தது. அவள் கழிப்பறைக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறு அளவை எடுக்கச் சொன்னாள். அது முடிந்தால்தான் சகாயமேரியை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க முடியும்.

“ரெண்டு வாரம்கூடத் தாங்காது மேடம்,” என்றான் நிதின். அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

மாதிரி அரங்கின் கதவு திறந்தது. உயிரோடு இருப்பவர்களின் பிரதிகள் வழக்கம்போல உள்ளே வந்தன. வழக்கமான இடங்களில் உட்கார்ந்தன. உட்கார்ந்ததும் ஒரு பிரதி தோளிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்து இருக்கையில் விரித்தது. இன்னொன்று ஹெல்மெட்டை வைத்தது. பால்கனியில் ஓர் அம்மாள் முந்தானையில் முடிந்திருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து வைத்தாள். கைக்குட்டை, குடை, பாப்கார்ன் பொட்டலம் என்று வரிசை வரிசையாக வைத்துக்கொண்டே போனார்கள். மிருதுளாவின் பிரதி தன் கைப்பையை வைத்தது.

டார்ச் லைட்டோடு சுற்றும் மாதிரிப் பணியாள் ஒருவன் உண்டு. அவன் இல்லாவிட்டால் பிரதிகள் இடத்துக்குச் சண்டை போடும் என்று நிதின்தான் சேர்த்திருந்தான். அவன் ஒவ்வொரு இருக்கையாகப் போய்ப் பொருளை எடுக்கச் சொன்னான். பிரதிகள் பேசுவது திரையின் அடியில் எழுத்தாக ஓடும். அங்கே ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது.

‘ஆள் வருது.’

‘ஆள் வருது.’

‘எடுக்காதீங்க, ஆள் வருது.’

“இடம் பிடிச்சு வச்சிருக்காங்க மேடம்,” என்றான் நிதின். “பிடிச்சு வச்ச சீட்டையும் நிரம்பின சீட்டாத்தான் எடுத்துக்கணும். விதி அப்படி.”

பணியாள் மிருதுளாவின் பிரதியிடம் வந்து நின்றான். கைப்பையைக் காட்டி ஏதோ கேட்டான். எழுத்து ஓடியது.

‘என் தம்பிக்கு. தண்ணி வாங்கப் போயிருக்கான், வந்துருவான்.’

படம் தொடங்கியது. சொக்கன் வந்தான். செருப்பைக் கழற்றச் சொன்னான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் கழுத்தைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது வருவது போல நிழலாடினால் அத்தனை நாடியும் ஒரே நேரத்தில் எகிறியது. அரங்கு முன்பைவிட வெளிச்சமாக இருந்தது.

நிதின் அளவையைக் கூட்டிப் பார்த்தான். மறுபடி கூட்டிப் பார்த்தான். “ஏழு வாரம் இல்ல மேடம், ஒம்பது வருது. சான்றிதழ் அடிச்சிரட்டுமா?”

“இடைவேளை வரைக்கும் பொறுங்க நிதின்,” என்றாள் மிருதுளா.

அவளும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.